அறிந்தவரும் ஆதாயம் உள்ளவரும்: பொறியாளர் சங்கங்களில் முடிவெடுப்பவர் யார்?

1905 மார்ச் 20ஆம் தேதி காலை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிராக்டன் என்ற ஊரில் இருந்த குரோவர் காலணித் தொழிற்சாலையின் கொதிகலன் வெடித்தது. நான்கு மாடிக் கட்டடம் சரிந்து தீப்பற்றியது. 58 பேர் இறந்தார்கள். கொதிகலன் வெடிப்பு அந்த நாட்டுக்கு அப்போது புதிதல்ல. ஆனால் இந்த விபத்துக்குப் பிறகு பொறுமை தீர்ந்துபோயிற்று. 1907இல் மாசசூசெட்ஸ் தனிச்சட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு மாநிலமும் ஆளுக்கொரு விதி எழுதினால் கொதிகலன் செய்பவர்கள் எதைப் பின்பற்றுவது? இந்தக் கேள்வியை அரசு தீர்த்து வைக்கவில்லை. 1880இல் தொடங்கப்பட்ட அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம், அதாவது ஏஎஸ்எம்இ, தீர்த்து வைத்தது. அதன் குழு எழுதிய கொதிகலன் விதித்தொகுப்பு 1915இல் வெளிவந்தது. மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதைச் சட்டமாக ஏற்றுக்கொண்டன.

இந்தியாவில் வழி வேறு. இங்கே கொதிகலன் சட்டத்தின் கீழ் மத்தியக் கொதிகலன் வாரியம் விதி செய்கிறது. அரசாங்கமே முன்னால் நிற்கிறது. அமெரிக்காவில் யாரும் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்காத ஒரு சங்கத்தின் துணைக்குழு எழுதிய வரிகள், ஓட்டுப்போட்ட மக்கள்மேல் சட்டமாக வந்து நின்றன. அந்த வரிகளால் எண்ணற்ற உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்பதில் ஐயமில்லை. அப்படியென்றால் அந்தச் சங்கத்துக்குள் முடிவெடுப்பது யார், எப்படி என்பது உறுப்பினர்களின் உள்வீட்டு விவகாரமாக மட்டும் இருக்க முடியாது.

இந்தக் கேள்விக்குச் சங்கங்களே தரும் பதில் எளிமையானது: தலைவர் இருக்கிறார், செயற்குழு இருக்கிறது, தேர்தல் நடக்கிறது, துணைவிதிகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. ஒரு நூற்றாண்டுக்கும் மேலான அனுபவத்தைப் புரட்டிப் பார்த்தால், உண்மையான முடிவுகள் பெரும்பாலும் அந்த இடங்களில் எடுக்கப்படவில்லை. ஏழெட்டுப் பேர் உட்காரும் தொழில்நுட்பக் குழுவில், ஒரு கடிதத்தின் வரைவில், ஒரு சொல்லை எப்படிப் பொருள்கொள்வது என்ற விளக்கத்தில்தான் எடுக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் குழுவில் உட்காரும் அளவுக்கு விஷயம் தெரிந்தவர் யார்? அந்தத் தொழிலில் இருப்பவர்தான். அந்த முடிவால் லாபமோ நட்டமோ அடையப்போகிறவர் யார்? அவரேதான். பொறியாளர் சங்கத்தின் ஆட்சிமுறையில் மையமான சிக்கல் இது. தேர்தல் எதுவும் இதைத் தீர்ப்பதில்லை.

சங்கங்கள் பிறந்தபோது இந்தச் சிக்கல் கண்ணில் படவில்லை. 1771இல் லண்டனில் ஜான் ஸ்மீட்டனும் நண்பர்களும் கூடியது ஒரு விருந்துக் கழகம் போலத்தான். 1818 ஜனவரியில் ஃப்ளீட் தெருவின் கெண்டல் காப்பிக்கடையில் கூடிய சில இளைஞர்கள் கட்டடப் பொறியாளர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1820இல் தாமஸ் டெல்ஃபோர்டைத் தலைவராக அழைத்துவந்த பிறகுதான் அதற்கு மதிப்பு வந்தது. 1828இல் அரச சாசனம் கிடைத்தது. ஒருவர் கட்டிய பாலத்தைப் பற்றி மற்றவர் கேட்டுத் தெரிந்துகொள்வதே அப்போது நோக்கம். ஆனால் சாசனம் வந்ததும் ‘யார் உள்ளே, யார் வெளியே’ என்ற கேள்வியும் கூடவே வந்தது. உறுப்பினர், இணை உறுப்பினர், ஃபெலோ என்று படிநிலைகள் ஏற்பட்டன. வாசலில் நின்று அனுமதிப்பதுதான் ஒரு சங்கத்தின் முதல் அதிகாரம்.

அந்த அதிகாரம் எப்படிப் பயன்பட்டது என்பதற்கு நோரா ஸ்டான்டன் பிளாட்ச் ஒரு சாட்சி. 1905இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் பட்டம் பெற்றவர். அமெரிக்கக் கட்டடப் பொறியாளர் சங்கமான ஏஎஸ்சிஇ அவரை இளநிலை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. இளநிலைக்கு வயது வரம்பு உண்டு. அது கடந்ததும் அடுத்த நிலைக்கு உயர்த்தும்படி கேட்டார், மறுத்துவிட்டார்கள். 1916இல் வழக்குப் போட்டார், தோற்றார். துணைவிதிகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு பொறியாளரை வாசலுக்கு வெளியே நிறுத்துவது அத்தனை சுலபமாக இருந்தது. அவர் மறைந்து பல பத்தாண்டுகள் கழித்து, 2015இல், அதே சங்கம் அவரை ஃபெலோவாக அறிவித்தது. தாமதமானாலும் செய்தது நல்லதுதான். ஆனால் அவர் கட்டியிருக்கக்கூடிய எதையும் அந்த அறிவிப்பு மீட்டுத் தராது.

உள்ளே வந்தவர்களுக்குள் அடுத்த சண்டை, சங்கம் யாருக்காக என்பது. அமெரிக்க மின்பொறியாளர் நிறுவனம் 1912இல் ஏற்ற நெறிமுறை, வாடிக்கையாளரின் அல்லது முதலாளியின் நலனைக் காப்பதே பொறியாளரின் முதல் தொழிற்கடமை என்று வைத்தது. பொதுமக்கள் அதற்குப் பிறகுதான். இதைப் படித்துக் கோபப்படுவது எளிது. அந்நாளில் பொறியாளர் என்றால் ரயில் கம்பெனியிலோ மின் கம்பெனியிலோ மாதச் சம்பளம் வாங்குபவர். சங்கத்தின் தலைமையில் அந்தக் கம்பெனிகளின் மேலாளர்கள். அவர்களுக்கு அந்த வரிசை இயல்பாகவே பட்டிருக்கும். மோரிஸ் குக் போன்றவர்களுக்கு அப்படிப் படவில்லை. 1911 முதல் பிலடெல்பியா நகரின் பொதுப்பணித் துறை இயக்குநராக இருந்த குக், மின் கம்பெனியின் கட்டணத்தை எதிர்த்து வழக்காடிக் குறைக்க வைத்தவர். நகரத்தின் பக்கம் நின்று சாட்சி சொல்ல நிபுணர் தேடியபோது, நிபுணர்களில் பெரும்பாலோர் கம்பெனிகளோடு கட்டுண்டு கிடந்ததை நேரில் கண்டார். அதன் பிறகு தன் சொந்தச் சங்கமான ஏஎஸ்எம்இக்குள்ளேயே, மின் கம்பெனிகளின் பிடி தளர வேண்டும் என்று போராடினார். பொறியாளர்களின் இந்தக் கலகத்தை வரலாற்றாசிரியர் எட்வின் லேட்டன் 1971இல் ஒரு தனி நூலாகவே எழுதினார். கலகம் தணிந்துவிட்டது. ஆனால் கேள்வி தணியவில்லை.

அரை நூற்றாண்டு கழித்து அது ஐ-ட்ரிபிள்-ஈ அமைப்பில் மீண்டும் எழுந்தது. மின்பொறியாளர் நிறுவனமும் வானொலிப் பொறியாளர் நிறுவனமும் 1963இல் இணைந்து பிறந்தது அது. 1970ஐ ஒட்டி விண்வெளி, பாதுகாப்புத் துறைகளில் செலவு சுருங்கி, ஆயிரக்கணக்கான அமெரிக்கப் பொறியாளர்கள் வேலை இழந்தார்கள். ‘ஆய்வுக் கட்டுரை அச்சிடுவது மட்டும்தான் உங்கள் வேலையா? எங்கள் பிழைப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டீர்களா?’ என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். 1972இல் பெரும்பான்மை வாக்கோடு சங்கத்தின் அரசியல் சட்டமே திருத்தப்பட்டது. தொழில்நலப் பணிகளுக்கும் இடம் வந்தது. உறுப்பினர் வாக்கு ஒரு பெரிய சங்கத்தின் திசையையே மாற்றிய அபூர்வமான தருணம் அது.

அதே ஆண்டு மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தின் பார்ட் என்ற புதிய ரயில் அமைப்பில் மூன்று பொறியாளர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். தானியங்கி ரயில் கட்டுப்பாட்டில் குறை இருக்கிறது என்று மேலிடத்தில் சொல்லிப் பார்த்து, யாரும் காது கொடுக்காததால் இயக்குநர் குழு உறுப்பினரிடம் போனதே அவர்கள் செய்த ‘குற்றம்’. அக்டோபர் 2ஆம் தேதி ஃப்ரீமான்ட் நிலையத்தில் ஒரு ரயில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் தண்டவாளத்தின் முடிவையும் தாண்டி ஓடியது. மூவரும் வழக்குப் போட்டார்கள். 1975 ஜனவரியில் ஐ-ட்ரிபிள்-ஈ நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்தது: பொதுமக்களின் பாதுகாப்பைக் காப்பது பொறியாளரின் வேலை ஒப்பந்தத்திலேயே உள்ளடங்கிய கடமை என்பது அதன் வாதம். வழக்கு சமரசத்தில் முடிந்ததால் அந்த வாதத்துக்குத் தீர்ப்புக் கிடைக்கவில்லை. 1978இல் சங்கம் மூவருக்கும் விருது வழங்கியது. 1912இன் நெறிமுறையில் தொடங்கிய ஒரு பரம்பரை இங்கே வந்து சேர்ந்ததை நான் பெருமையோடுதான் படிக்கிறேன். விருது வந்தபோது அவர்கள் வேலை போய் ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இனி இந்தக் கட்டுரையின் நடுவில் வைக்க வேண்டிய வழக்குக்கு வருவோம். கொதிகலனில் நீர்மட்டம் குறைந்தால் எரிபொருளைத் தானாக நிறுத்தும் கருவி ஒன்று உண்டு. வெறும் பாத்திரம் தீய்வது போலல்ல, தண்ணீர் வற்றிய கொதிகலன் வெடித்துவிடும். ஆகவே சிறிய கருவியானாலும் உயிர் காக்கும் கருவி. அமெரிக்காவில் இந்தச் சந்தை நீண்ட காலமாக மெக்டானல் அண்ட் மில்லர் என்ற நிறுவனத்தின் கையில் இருந்தது. 1960களின் நடுவில் ஹைட்ரோலெவல் என்ற சிறிய நிறுவனம் புதுவகைக் கருவியோடு வந்தது. கொதிக்கும் நீரின் மேற்பரப்பு அலையடித்துக்கொண்டே இருக்கும். மட்டத்தை உணரும் முனை ஒரு கணம் நீருக்கு வெளியே தெரியும், மறுகணம் மூழ்கும். ஒவ்வொரு முறையும் எரிபொருளை நிறுத்தினால் கொதிகலன் வேலை செய்யாது. ஆகவே சிறிய நேரத் தாமதம் ஒன்றைச் சேர்த்தார்கள். 1971இல் புரூக்ளினின் பெரிய எரிவாயு நிறுவனம் ஒன்று பழைய கருவியை விட்டுப் புதியதற்கு மாறியது. மெக்டானல் அண்ட் மில்லருக்கு அபாய மணி அடித்துவிட்டது.

ஏஎஸ்எம்இயின் விதித்தொகுப்பில் இந்தக் கருவிக்கான பகுதியை எழுதித் திருத்தி விளக்கம் சொல்லும் துணைக்குழுவின் துணைத்தலைவர், அதே மெக்டானல் அண்ட் மில்லரின் துணைத்தலைவர். துணைக்குழுவின் தலைவர் ஒரு கொதிகலன் காப்பீட்டு நிறுவனத்தின் உயர் அதிகாரி. மெக்டானல் அண்ட் மில்லரின் தலைமையும் இவர்களும் சிகாகோவில் ஒரு ஹோட்டலில் இரவுச் சாப்பாட்டில் சந்தித்தார்கள். சங்கத்துக்கு ஒரு சந்தேகக் கடிதம் எழுதுவது என்று முடிவாயிற்று: ‘கண்ணாடியில் தெரியும் கடைசி மட்டத்துக்கு நீர் இறங்கும்போது எரிபொருள் நிற்க வேண்டும் என்கிறதே விதி, தாமதம் இருந்தால் அது விதிக்கு உட்படுமா?’ கடிதத்தை வரைவதில் துணைக்குழுவின் தலைவரும் துணைத்தலைவரும் கைகொடுத்தார்கள். கடிதம் சங்கத்தின் கொதிகலன் குழுச் செயலாளருக்குப் போயிற்று. அவர் சம்பளம் வாங்கும் அலுவலர். தொழில்நுட்பக் கேள்வியை நடைமுறைப்படி துணைக்குழுத் தலைவருக்கு அனுப்பினார். கேள்வியை வரையக் கைகொடுத்தவரே பதிலையும் எழுதினார். தாமத நேரத்தில் நீர் ஆபத்தான அளவுக்கு இறங்காது என்பதற்கு உறுதியில்லை என்றது பதில். கருவியைச் சற்று மேலே பொருத்தினால் அந்த ஆபத்து நீங்கும் என்பதைச் சொல்லவில்லை. 1971 ஏப்ரல் 29 தேதியிட்டு, சங்கத்தின் லெட்டர்ஹெட்டில், செயலாளரின் கையெழுத்தோடு அது வெளியே போனது. முழுக் குழுவின் பார்வைக்கு வைக்கத் தேவையில்லாத ‘அதிகாரபூர்வமற்ற’ பதில் என்பது அதன் வகை.

விற்பனையாளர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. போட்டியாளரின் கருவி விதிக்கு எதிரானது என்று சொல்லி, சங்கத்தின் பெயரிட்ட தாளைக் காட்டினார்கள். தன் கருவிக்கு எதிராக இப்படியொரு கடிதம் உலவுவதே ஹைட்ரோலெவலுக்கு 1972இல்தான், ஒரு பழைய வாடிக்கையாளர் மூலம் தெரியவந்தது. சங்கத்திடம் முறையிட்டார்கள். அதற்குள் மெக்டானல் அண்ட் மில்லரின் ஆள் அந்தத் துணைக்குழுவுக்குத் தலைவராகியிருந்தார். முறையீட்டுக்குப் போன பதிலின் முக்கியமான வாக்கியம் ஒன்றை வரைவதில் அவருடைய கையும் இருந்தது. 1975இல் ஹைட்ரோலெவல் வழக்குப் போட்டது. மெக்டானல் அண்ட் மில்லரும் காப்பீட்டு நிறுவனமும் பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டன. சங்கம் மட்டும் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று.

சங்கத்தின் வாதம் கேட்க நியாயமாகவே இருக்கும். நாங்கள் லாப நோக்கற்ற அமைப்பு. தொண்ணூறாயிரத்துக்கும் மேல் உறுப்பினர். இந்த இருவர் தங்கள் கம்பெனிக்காகச் செய்ததில் எங்களுக்குக் காலணா ஆதாயமில்லை. நாங்கள் எப்படிப் பொறுப்பாவோம்? 1982 மே 17 அன்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நீதிமன்றம் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சங்கத்தின் பெயரால் பேசும் வாய்ப்பை அவர்களுக்குக் கொடுத்தது சங்கம். வெளியே இருப்பவர்கள் நம்பியது அந்தப் பெயரை. அந்தப் பெயரைத் தவறாகப் பயன்படுத்தாமல் தடுக்கக்கூடிய இடத்தில் இருந்ததும் சங்கம்தான் என்று நீதிபதி பிளாக்மன் எழுதினார். மறுத்தவர்களின் கவலையும் லேசானதல்ல: ஊதியமில்லாமல் உழைப்பவர்களை நம்பியிருக்கும் அமைப்புகள்மேல் மும்மடங்கு நட்ட ஈட்டைச் சுமத்தினால், அவை பொதுப்பணியிலிருந்தே ஒதுங்கிவிடும் என்றார்கள். சங்கங்கள் ஒதுங்கிவிடவில்லை என்பதை அதற்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகள் காட்டியிருக்கின்றன. என் கருத்தில் தீர்ப்பு சரி.

இந்தக் கதையில் மறைத்து வாங்கிய லஞ்சமோ திருட்டு வாக்குகளோ இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். செயலாளர் நடைமுறையைப் பின்பற்றினார். துணைக்குழுத் தலைவருக்கு விஷயம் தெரியும். எழுதிய பதிலிலும் அப்பட்டமான பொய் கிடையாது. எல்லோரும் தங்கள் இருக்கையில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தபோதே ஒரு நிறுவனம் நசுக்கப்பட்டது. பொதுக்குழுவில் எத்தனை தேர்தல் நடத்தியிருந்தாலும் அந்த ஏப்ரல் கடிதம் போயே தீர்ந்திருக்கும்.

இந்தத் தீர்ப்புக்கு நான்கு ஆண்டுகள் முன், 1978இல், இன்னொரு பொறியாளர் அமைப்பும் அதே நீதிமன்றத்தில் தோற்றிருந்தது. விலை குறைத்துக் கேட்டு வேலை பிடிப்பது நெறிமுறைக்கு விரோதம் என்று தேசியத் தொழில்முறைப் பொறியாளர் சங்கம் தன் நெறிமுறைத் தொகுப்பிலேயே தடை போட்டிருந்தது. மலிவான வடிவமைப்பு மக்கள் உயிருக்கு ஆபத்து என்பது அதன் காரணம். காரணம் முழுப்பொய் அல்ல. ஆனால் போட்டி நல்லதா கெட்டதா என்பதைச் சங்கமே முடிவுகட்ட முடியாது என்று, வணிகப் போட்டியைக் காக்கும் ஷெர்மன் சட்டத்தின்படி நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இந்த இரண்டு அடிகளுக்கும் பிறகு சங்கங்கள் எழுதிக்கொண்ட நடைமுறைகள்தான் இன்றைய தரநிர்ணயக் குழுக்களின் முதுகெலும்பு. ஐ-ட்ரிபிள்-ஈயின் தரநிர்ணயப் பிரிவில் ஒரு வரைவு நிறைவேற, வாக்களிக்கப் பதிவு செய்தவர்களில் 75 விழுக்காடாவது வாக்குச் சீட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும். வாக்களித்தவர்களில் 75 விழுக்காடு ஆதரிக்க வேண்டும். எதிர்த்துக் கருத்து எழுதியவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். மேல்முறையீட்டுக்கும் வழியுண்டு. நாம் வீட்டில் பயன்படுத்தும் வைஃபையும் ஈதர்நெட்டும் இந்த வழியாகத்தான் வந்தன.

முக்கால்வாசி ஒப்புதல் என்ற இந்தக் கடுமைக்கு விலையும் உண்டு. மிகக் குறைந்த தூரத்தில் மிக வேகமாகத் தரவு அனுப்பும் அல்ட்ரா வைட்பேண்ட் தொழில்நுட்பத்துக்குத் தரம் எழுத அமைந்த 802.15.3ஏ குழுவில் இரண்டு கம்பெனிக் கூட்டணிகள் இரண்டு முறைகளைக் கொண்டுவந்தன. ஆண்டுக் கணக்கில் வாக்கெடுப்பு நடந்தது. எந்தப் பக்கமும் 75ஐத் தொடவில்லை. 2006 ஜனவரியில் குழு தன்னையே கலைத்துக்கொண்டது. தோல்விதான், ஆனால் ஒருவர் மற்றவரை ஏமாற்றி வென்றார் என்ற குற்றச்சாட்டு இல்லாத தோல்வி. அதே ஆண்டு ஜூனில், ஓடும் வாகனங்களுக்கான அகலப்பட்டை வானலைத் தரத்தை எழுதிய 802.20 குழு வேறு காரணத்துக்காக நிறுத்திவைக்கப்பட்டது. ஒரு தரப்புக் கம்பெனிகளின் ஆட்களே வாக்குகளை நிறைத்துவிட்டார்கள் என்றும், யார் யாருக்காகப் பேசுகிறார் என்பதே தெரியவில்லை என்றும் புகார் வந்தது. தனிநபராக வருகிறேன் என்பவர் உண்மையில் ஒரு கம்பெனியின் ஆலோசகராக இருக்கலாம். குழு திரும்பக் கூடியபோது முறை மாற்றப்பட்டது: ஆளுக்கு ஒரு வாக்கு போய், நிறுவனத்துக்கு ஒரு வாக்கு வந்தது. யாரிடம் சம்பளம் வாங்குகிறாய் என்று வெளிப்படையாகக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்திருந்த ஒரு பண்பாட்டுக்கு இது பெரிய மாற்றம்.

காப்புரிமைக் கொள்கையிலும் இதே இழுபறிதான். ஒரு தரத்தைப் பின்பற்ற ஒரு கம்பெனியின் காப்புரிமை கட்டாயமாகிவிட்டால், அதற்கு எவ்வளவு கேட்கலாம்? 2015 பிப்ரவரியில், அமெரிக்க நீதித்துறையிடம் கருத்துக் கேட்டுவிட்டு, ஐ-ட்ரிபிள்-ஈ இயக்குநர் குழு புதிய கொள்கையை ஏற்றது. தடையுத்தரவு கேட்பதைக் கட்டுப்படுத்தியது. நியாயமான உரிமத்தொகை என்பதற்கு அளவுகோல் வைத்தது. கருவி செய்யும் கம்பெனிகள் வரவேற்றன. காப்புரிமையால் வருவாய் பெறும் குவால்காம், எரிக்சன், நோக்கியா போன்றவை எதிர்த்தன. 2020இல் அதே நீதித்துறை தன் நிலையை மாற்றி எழுதியது. 2022இல் கொள்கையும் திருத்தப்பட்டு 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. எந்த உறுப்பினர் தேர்தலிலும் இது பேசுபொருளாகவில்லை.

தேர்தல்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட ஐ-ட்ரிபிள்-ஈயில் ஐந்தில் ஒருவர்கூட வாக்களிப்பதில்லை. தலைவர் பதவி ஓராண்டு. முன்னும் பின்னும் சேர்த்தால் மூன்றாண்டுச் சங்கிலி. ஊதியம் பெறும் அலுவலர்களோ பல்லாண்டுகள் இருக்கிறார்கள். கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் அவர்கள்தான். 2016இல் இயக்குநர் குழு ஓர் அரசியல் சட்டத் திருத்தத்தை முன்வைத்தது. முப்பது பேருக்கு மேற்பட்ட இயக்குநர் குழு பெரிதாகவும் மந்தமாகவும் இருக்கிறது; அதன் அமைப்பைத் துணைவிதிகள் வழியாகவே மாற்றிக்கொள்ள வழி வேண்டும் என்றார்கள். பகுதிகளும் தொழில்நுட்பப் பிரிவுகளும் ஆளனுப்பும் உரிமை அரசியல் சட்டத்திலிருந்து விலகிப் போய், சிலர் கையில் அதிகாரம் குவியும் என்று சங்கத்துக்குள்ளிருந்தே எதிர்ப்பு எழுந்தது. மூன்றில் இரண்டு பங்கு வாக்குத் தேவை, கிடைக்கவில்லை. எண்ணிக்கையில் குறைந்தவர்களே வாக்களித்தாலும், தடுக்கும் வேலையைத் தேர்தல் செவ்வனே செய்கிறது. அன்றாட முடிவுகளை வழிநடத்தும் வேலையை அதனால் செய்ய முடிவதில்லை.

சில நேரம் முடிவு சங்கத்தின் கையிலேயே இருப்பதில்லை. 2002இல் அமெரிக்கப் பொருளாதாரத் தடைகளைக் காட்டி, ஈரான் உள்ளிட்ட சில நாடுகளின் உறுப்பினர்களுக்கான சேவைகளை ஐ-ட்ரிபிள்-ஈ குறைத்தது. அவர்கள் அனுப்பும் கட்டுரையில் எழுத்துப்பிழை திருத்துவதுகூடத் தடைசெய்யப்பட்ட சேவையா என்ற விசித்திரமான கேள்வி எழுந்தது. 2004 ஏப்ரலில்தான் அமெரிக்கக் கருவூலத் துறை, மதிப்பாய்வுக்கும் திருத்தத்துக்கும் உரிமம் தேவையில்லை என்று தெளிவாக்கியது. பதினைந்து ஆண்டு கழித்து, 2019 மே மாதம், ஹுவாவே நிறுவனத்தை அமெரிக்க வணிகத் துறை தடைப்பட்டியலில் சேர்த்ததும், அதன் ஊழியர்கள் கட்டுரை மதிப்பாய்வு செய்யக்கூடாது என்று சங்கம் அறிவித்தது. சீனப் பேராசிரியர்கள் ஆசிரியர் குழுக்களிலிருந்து விலகினார்கள். ஜூன் முதல் வாரத்திலேயே, வணிகத் துறையின் விளக்கத்துக்குப் பிறகு, தடை நீங்கியது. சில நாட்களில் தீர்ந்த விவகாரம். ஆனால் 160 நாடுகளுக்கு மேல் உறுப்பினர் உள்ள ஒரு சங்கம், நியூயார்க் மாநிலத்தில் பதிவான ஓர் அமெரிக்க அமைப்பு என்பதை உலகம் அன்று நினைவுபடுத்திக்கொண்டது. வழக்கறிஞர்கள் எச்சரிக்கையாக எழுதிய ஒரு மின்னஞ்சல், உறுப்பினர்களைக் கேட்காமல், அவர்களுக்குள் யார் சமமானவர் என்பதை முடிவு செய்தது. இது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பணமும் இப்படித்தான். 2005இல் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் நகரின் வெள்ளத் தடுப்புச் சுவர்கள் உடைந்தபோது, அவற்றைக் கட்டிய ராணுவப் பொறியாளர் படையே விசாரணையும் நடத்தியது. அந்த விசாரணையைச் சரிபார்க்க ஏஎஸ்சிஇ நிபுணர் குழு அமைத்தது. குழுவின் செலவு அதே படையிடமிருந்து வந்தது. குழுவில் இருந்தவர்களின் திறமையை யாரும் குறைசொல்ல முடியாது. எனினும் ஊர் மக்களும் சில பொறியாளர்களும் கேள்வி கேட்டார்கள். நெறிமுறைப் புகார் போயிற்று. 2008இல் முன்னாள் காங்கிரஸ் உறுப்பினர் ஷெர்வுட் போலெர்ட் தலைமையில் ஒரு குழுவை அமைத்து, தான் விசாரணை நடத்தும் முறையையே சங்கம் ஆராய வைத்தது. தன்னைத்தானே வெளியாள் முன் நிறுத்திக்கொண்ட அந்தச் செயலுக்கு என் மரியாதை உண்டு.

நம் பக்கம் வந்தால், இந்தியப் பொறியாளர் நிறுவனம் 1920 செப்டம்பரில் சென்னையில்தான் கம்பெனியாகப் பதிவானது; 1921 பிப்ரவரியில் கல்கத்தாவில் தொடக்க விழா; 1935இல் அரச சாசனம். 1947இல் இந்தியத் தரநிர்ணய நிறுவனம் உருவாகும் முன் அதன் அமைப்புச் சட்ட வரைவை முதலில் எழுதியது இந்த நிறுவனமே. இன்றைய ஐஎஸ்ஐ முத்திரையின் வேர் அங்கே இருக்கிறது. அமெரிக்கச் சங்கங்களைப் போலத் தரம் எழுதும் அதிகாரத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளாமல், தனி அமைப்புக்குக் கொடுத்துவிட்டது; அந்த அமைப்பு பிறகு அரசின் கைக்குப் போயிற்று. எஞ்சிய பெரிய அதிகாரம் ஏஎம்ஐஇ தேர்வு. பாலிடெக்னிக் முடித்து வேலைக்குப் போன எத்தனையோ பேர், மாலை நேரத்தில் படித்து, அந்தத் தேர்வின் வழியாகப் பொறியாளர் ஆனார்கள். 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்கே அரசு வேலையில் அதற்குப் பட்டத்துக்கு நிகரான அங்கீகாரம் என்று மத்திய அரசு வரம்பு கட்டியபோது, உறுப்பினர்கள் சங்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்த முக்கியக் கயிறு தளர்ந்தது. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் கட்டடக் கலைஞருக்கும் உள்ளது போன்ற சட்டபூர்வப் பதிவுப் பேரவை பொறியாளருக்கு இங்கே அமையவில்லை. ஆகவே பாலம் இடிந்தால் பொறியாளரின் நடத்தையை யார் விசாரிப்பது என்ற கேள்வியில் சங்கம் ஓரமாகவே நிற்கிறது. அதிகாரம் இல்லாத இடத்தில் நலன் முரண் இராது. ஆனால் பொறுப்பும் இராது.

ஹைட்ரோலெவல் தீர்ப்புக்குப் பிறகு ஏஎஸ்எம்இ செய்துகொண்ட மாற்றங்கள் மிகவும் சாதாரணமானவை. முன்பு இரண்டு பேர் பார்த்தால் போதும் என்றிருந்த விளக்கக் கடிதத்தை ஐந்து பேராவது பார்க்க வேண்டும் என்றாயிற்று. எந்த விளக்கமும் ஒரு கம்பெனியின் மேசை இழுப்பறைக்குள் மறைந்து கிடக்காதபடி எல்லாம் அச்சில் வெளிவர வேண்டும். குழுவில் உட்காருபவர் தன் நலன் முரண்களை எழுத்தில் தெரிவித்துக் கையெழுத்திட வேண்டும். 1971இல் இவை இருந்திருந்தால், கேள்வியை வரைந்த கையே பதிலை எழுதியது ஐந்து பேரில் ஒருவர் கண்ணிலாவது பட்டிருக்கும். ஹைட்ரோலெவலும் அந்தக் கடிதத்தைப் பத்திரிகையில் பார்த்து அடுத்த மாதமே மறுத்து எழுதியிருக்கும்.

ஆனாலும் ஒரு குறை அப்படியே நிற்கிறது. அந்தத் துணைக்குழுவில் பெரிய நிறுவனத்துக்கு ஆள் இருந்தது. சின்ன நிறுவனத்துக்கு இல்லை. யாரும் வரக்கூடாது என்று தடுக்கவில்லை. ஆண்டுக்குப் பலமுறை வேறு வேறு ஊர்களில் கூடும் குழுவுக்கு, சம்பளத்தோடு விடுப்பும் விமானச் செலவும் ஹோட்டல் செலவும் கொடுத்து ஆளனுப்ப முடிந்தவர்கள்தான் வருகிறார்கள். எல்லாத் தரப்புக்கும் இடம் ஒதுக்கும் விதிகள் இருந்தும், அந்த நாற்காலிகளுக்கு வர ஆளில்லாவிட்டால் பயனில்லை. ஆலையில் கருவியை இயக்குபவர், நகராட்சிப் பொறியாளர், ஏழை நாட்டின் பல்கலைக்கழக ஆசிரியர், பணி ஓய்வு பெற்று எந்தக் கம்பெனிக்கும் கடன்படாமல் இருப்பவர், இவர்கள்தான் குழுவில் ஆதாயமில்லாத அறிவைக் கொண்டுவரக்கூடியவர்கள். ஐ-ட்ரிபிள்-ஈயின் ஆண்டு வருவாய் 50 கோடி டாலருக்கு மேல். அதில் பெரும்பங்கு உறுப்பினர் சந்தாவிலிருந்தல்ல, இதழ்களிலிருந்தும் மாநாடுகளிலிருந்தும் வருகிறது. ஏஎஸ்எம்இக்கு விதித்தொகுப்புகளின் விற்பனை உண்டு. அந்த வருவாயில் ஒரு பங்கை எடுத்து, ஒவ்வொரு தரநிர்ணயக் குழுவிலும் இத்தகையவர்களில் இருவருக்காவது பயணச் செலவும் அவர்கள் இழக்கும் ஊதியமும் கொடுத்து உட்கார வைக்கலாம். கூட்டத்தில் அவர்கள் எந்தப் பக்கம் வாக்களித்தார்கள், ஏன் என்பதைக் கூட்டக் குறிப்போடு சேர்த்து அச்சிடலாம். இதற்கு அரசியல் சட்டத் திருத்தமோ மூன்றில் இரண்டு பங்கு வாக்கோ தேவையில்லை. அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி போதும்.